இடைச்செருகலும் மேலெழுதலும்: மலையகக் காட்சிப்பதிவுகளின் படத்தொகுப்பு பற்றிய ஒரு நோக்கு

1

தமிழிலக்கிய ஆய்வு மரபில் ‘இடைச்செருகல்’ என்பது பெரும்பாலும் ஒரு பழிச்சொல்லாகவே வழங்கிவந்துள்ளது. மூலநூலாசிரியன் இயற்றாத பகுதியொன்றைப் பிற்காலத்தான் ஒருவன் நூலினுள்ளே நுழைத்துவிட்டான் என்பதே அச்சொல் சுமந்துவரும் குற்றச்சாட்டு. கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் மிகைப்பாடல்களை வேறு பிரித்துத் தரவேண்டியிருந்ததும், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோர் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடந்தேர வேண்டியிருந்ததும் இதன்பொருட்டேயாம். ஆயின், வரலாற்று நோக்கிற் பார்க்குமிடத்து இடைச்செருகல் யாவும் ஒரு தன்மையன அல்ல. நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகிய ஐந்து தொகைகளின் முகப்பிலும் நிற்கும் கடவுள் வாழ்த்துப் பாடல்கள் பிற்காலத்தவை. எனினும் அவற்றைப் போலி என எவரும் ஒதுக்குவதில்லை. ‘பாரதம் பாடிய பெருந்தேவனார்’ என்ற பெயர் அவற்றோடு ஒட்டியே வந்துள்ளமையால், சேர்த்தவர் யார், எதனோடு சேர்த்தார் என்பன மறைக்கப்படவில்லை. எனவே, பழையதொன்றோடு புதியது சேர்வது குற்றமன்று. சேர்ந்தது சேர்ந்ததாகத் தெரியாதபடி செய்யப்படுவதே ஆராயப்படவேண்டியது.

இச்சிந்தனையை ஏட்டுச்சுவடிக்குச் சற்றும் தொடர்பற்றதுபோலத் தோன்றும் ஒரு துறைக்கு விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினியிற் படத்தொகுப்புச் செய்வோர், ஏலவே தொகுத்து வைத்துள்ள ஒரு படத்தினுள்ளே புதிய காட்சித்துண்டுகளைச் சேர்ப்பது இன்று அன்றாட நிகழ்ச்சியாகும். கண்டி நகரத்திலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்பகுதிகளிலும் இத்தொழிலை அறிந்த இளைஞர் பலர் உளர். திருமண வீடியோ நிலையங்களிற் கூலிக்கு அமர்ந்து இதனைக் கற்றுக்கொண்டோரே அவர்களுட் பெரும்பாலார். தொகுப்பு முடிந்தபின்னர் மணமக்கள் வீட்டார் கைத்தொலைபேசியில் அனுப்பும் துண்டுகளையும் உள்ளே நுழைத்துத் தரவேண்டும் என்பதும், அக்கூடுதல் உழைப்புக்குப் பெரும்பாலும் கூலி இல்லை என்பதும் அவர்கள் வாயிலாக யான் அறிந்தவை. அதே இளைஞர்கள் இரவல் மடிக்கணினியொன்றை வைத்துக்கொண்டு தம் மக்களின் வரலாற்றைப் படமாக்க முற்படும்போது, அத்தொழினுட்பச் செயல் ஓர் அழகியற் பிரச்சினையாகவும் அரசியற் பிரச்சினையாகவும் மாறிவிடுகின்றது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அத்தொழிலின் உள்ளமைப்பை நோக்குதல் தகும்.

2

கணினிப் படத்தொகுப்பின் ‘புரொஜெக்ட்’ எனப்படும் கோப்பினுள்ளே படம் இல்லை என்பது முதற்கண் அறியவேண்டியது. இன்ன வட்டின் இன்ன அடுக்கில் உள்ள இன்ன காட்சித்துண்டு, இத்தனையாவது சட்டகத்தில் தொடங்கி இத்தனையாவது சட்டகத்தில் முடிய வேண்டும் என்ற குறிப்புகளே அதனுள் உள்ளன. வட்டைக் கழற்றிவிட்டாலோ அடுக்கின் பெயரை மாற்றிவிட்டாலோ திரையிற் காட்சிக்குப் பதிலாக ‘ஊடகம் இல்லை’ என்ற அறிவித்தலே தோன்றும். தொகுப்பு என்பது பொருளன்று, பொருள்களுக்கிடையிலான உறவே என்பதைக் கருத்துமுதல்வாதியும் ஒப்புக்கொள்ளவேண்டிய இடம் இது. பழைய செலுலாயிட் படச்சுருளை வெட்டிப் பசையிட்டு ஒட்டிய காலத்தில் ஒட்டு கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் தட்டுப்பட்டது. கணினியில் அவ்வொட்டு முற்றாக மறைந்துவிட்டது. உழைப்பின் தடத்தைப் பண்டத்தினின்றும் அழித்துவிடுவது முதலாளித்துவ உற்பத்தியின் பொதுவியல்பென்றால், அவ்வியல்பு இங்கு அதன் உச்சநிலையைக் காண்கின்றது எனலாம்.

புதிய துண்டொன்றைக் காலக்கோட்டின் நடுவே சேர்ப்பதற்கு அடிப்படையில் இரண்டு வழிகள் உள. ஒன்று ‘இன்சேர்ட்’. புதியது நுழையும் இடத்தில் பழையது இரண்டாகப் பிளந்து, பிற்பகுதி அப்பால் நகரும். படத்தின் மொத்த நீளம் கூடும். பழையதில் எதுவும் குறையாது. மற்றது ‘ஓவர்ரைட்’. புதியது தன் நீளத்துக்கேற்பப் பழையதின்மேற் படியும். அவ்விடத்திலிருந்த பழைய துண்டு காலக்கோட்டினின்றும் நீங்கிவிடும். படத்தின் நீளம் மாறாது. முன்னதை இடைச்செருகல் என்றும் பின்னதை மேலெழுதல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவேன். மூலப்பதிவு வட்டிலே பழுதின்றி இருக்கும் என்பது உண்மையே. ஆனால் பார்வையாளன் பார்ப்பது வட்டை அன்று, காலக்கோட்டை.

இடைச்செருகலிலும் இடர் உண்டு. காட்சியும் ஒலியும் தனித்தனித் தடங்களிற் கிடப்பவை. ஒலித்தடத்தைப் பூட்டிவைத்துவிட்டுக் காட்சித்தடத்தில் மாத்திரம் துண்டொன்றைச் செருகினால், அவ்விடத்துக்குப் பின்னுள்ள காட்சி அனைத்தும் தள்ளிப்போகும். ஒலி நின்ற இடத்திலேயே நிற்கும். அதன்பின் வாய் அசைவது ஒருகாலம், குரல் எழுவது வேறொருகாலம் ஆகிவிடும். அதுபோலவே பதிவின் கதியும் கவனிக்கப்படவேண்டியது. இலங்கையில் தொலைக்காட்சிக்குரிய கதி வினாடிக்கு 25 சட்டகங்கள். கைத்தொலைபேசிகளோ பெரும்பாலும் 30 சட்டகங்களைப் பதிவுசெய்கின்றன. முப்பதை இருபத்தைந்தின் காலக்கோட்டில் இட்டால் ஆறு சட்டகங்களுக்கு ஒன்று கைவிடப்படுகின்றது. கொழுந்து கிள்ளும் விரல்களின் ஓட்டத்தைக் காட்டும் துண்டில் இவ்விழப்பு ஒரு தடுமாற்றமாகத் தென்படும். பயிற்சியில்லாத கண்ணுக்கு, தொழிலாளியே தடுமாறுவதுபோலத் தோன்றும்.

திரையின் அளவு பற்றியும் கூறவேண்டும். பழைய படங்கள் நான்குக்கு மூன்று என்ற அளவினையோ அதற்கு அண்மித்த அளவினையோ கொண்டவை. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. பழைய துண்டைப் புதிய திரை நிறையும்படி பெருப்பித்தால் மேலும் கீழுமாகப் படத்தின் காற்பங்கு வெட்டுப்பட்டுப்போகும். தோட்டத்துப் பெண் ஒருத்தி நிற்கும் காட்சியில் மேலே போவது கூடைக்கயிறு அழுந்தும் தலை. கீழே போவது செருப்பில்லாத கால். உழைப்பின் இரண்டு சான்றுகளும் திரைக்கு வெளியே போனபின் எஞ்சுவது புன்னகைக்கும் முகமும் பசுமையுமே. தேயிலைப் பொட்டலங்களின்மேல் அச்சிடப்படும் படமும் அதுவே என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

3

இலங்கை பற்றிய ஆவணப்படங்களுள் உலகப்புகழ் வாய்ந்தது பசில் றைற் நெறியாண்ட ‘இலங்கைப் பாடல்’ என்னும் படமாகும். ஜோன் கிரியர்சன் தயாரித்த இப்படத்துக்கான காட்சிகள் 1934 இல் இலங்கையிற் பிடிக்கப்பட்டன. செலவை ஏற்றது தேயிலை விற்பனையைப் பெருக்குவதற்கென அமைந்த இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தனித்தனிக் குறும்படங்கள் நான்காக முதலில் எண்ணப்பட்ட அது, பின்னர் நான்கு பகுதிகளைக் கொண்ட ஒரே படமாகத் தொகுக்கப்பட்டது. படப்பிடிப்பு ஒலியின்றியே நடைபெற்றது. ஒலி அனைத்தும் இலண்டன் கலையகத்தில் வோல்ற்றர் லீயின் இசையமைப்போடு உருவாக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டது. அவ்வகையில் இப்படமே முன்னர்ப் பிடித்த காட்சியின்மேல் பின்னர்ச் சேர்த்த ஒலியின் வெற்றி எனலாம். சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகர், கண்டிய ஆட்டம் பயிலும் சிறுவர், யானை சாய்க்கும் மரம் ஆகிய காட்சிகளின் அழகை எவரும் மறுத்தற்கில்லை. யானும் மறுக்கவில்லை. அழகு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதே வினா.

படத்தின் விவரணம் லயனல் வென்ற்றின் குரலில் ஒலிப்பது. வாசிக்கப்படும் உரை றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. நொக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்தவர். அவர் கண்ட கண்டியில் கோப்பித் தோட்டமும் இல்லை, தேயிலைத் தோட்டமும் இல்லை. கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமானது. பெருந்தோட்டங்களும் அவற்றுக்கென இந்தியாவினின்றும் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் அதற்குப் பின்னர் வந்தவை. ஜேம்ஸ் ரெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வாணிபப் பயிராகத் தொடங்கியது 1867 இல்; கோப்பி இலைநோய் பரவத் தொடங்கியது 1869 இல். ஆகவே 1934 இல் எடுத்த காட்சிமீது 1681 இன் உரையை இடுபவர், இடையிலுள்ள இரண்டரை நூற்றாண்டுகளைத் தாண்டிச் செல்கின்றார். தாண்டப்பட்ட காலமே மலையகத் தொழிலாளரின் காலம்.

‘வாணிபத்தின் குரல்கள்’ என்னும் மூன்றாம் பகுதியில் நிலைமை மாறுகின்றது. அங்கே நொக்ஸின் உரை பின்தள்ளப்பட்டு, சந்தை விலைகளும் வாணிபக் கடிதங்களும் கப்பற் செய்திகளும் குரல்களாக ஒலிக்கின்றன. அக்குரல்களின்கீழ் உழைப்போர் அசைகின்றனர். முதலாளித்துவத்தின் முரண்பாட்டைச் சுட்டும் ஒரு கலையுத்தியாக இதனைப் பாராட்டுவோர் உளர். அப்பாராட்டில் உண்மை உண்டு. உழைப்பவரின் கைக்கும் விலை கூறும் குரலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அத்தொகுப்பு நம் செவிக்குப் புலப்படுத்துகின்றது. விளம்பரப்படத்துள் விளம்பரத்துக்கு ஒவ்வாத ஒரு செய்தியைப் புகுத்தியது றைற்றின் கலைநேர்மை. எனினும் கொழுந்து கிள்ளும் பெண்ணின் நிலையில் நின்று பார்ப்போமாயின், அவளுக்கு அங்கே இரண்டு குரல்கள் கிடைக்கக்கூடியனவாக இருந்தன: ஒன்று அவள் இந்நாட்டுக்கு வருமுன்னர் எழுதப்பட்ட நூலின் குரல், மற்றது அவள் கிள்ளிய கொழுந்தை விற்பவனின் குரல். இரண்டும் அவளுடையன அல்ல. தொகுப்பாளன் எதனை வெட்டினான் என்று கேட்பது விமரிசனத்தின் வழக்கம். பதிவாகாத ஒன்றை வெட்டவும் முடியாது என்பதே இங்குள்ள துயரம். அவள் குரல் எந்த வட்டிலும் இல்லை.

4

பழைய காட்சிகளோடு புதியனவற்றைச் சேர்த்து இவ்விடைவெளியை நிரப்பவேண்டும் என்ற விருப்பம் மலையக இளைஞரிடையே, குறிப்பாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனி இடம்பெற்ற 2023 இன் பின்னர், வலுப்பெற்றுள்ளது. இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த அந்நடைபவனி பழைய வழியொன்றைப் புதிய கால்களால் மறுபடியும் தொகுத்த செயல் எனலாம். இவ்விருப்பத்தில் யானும் ஒருவாறு பங்கு கொண்டவன். பேராதனையிலிருந்து கலஹா செல்லும் வீதிக்கு மேற்புறத்துள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் இருவரும், எனது மாணவர் சிலரும் தொகுத்த குறும்படத்துக்கு உரை எழுதிக்கொடுத்தேன். அதிற் செய்த பிழையைக் கூறாமல் பிறர் படத்தை ஆராய்தல் முறையன்று.

அப்படத்தின் முதற்றொகுப்பு 2018 இல் எடுத்த பதிவுகளைக் கொண்டது. அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாயாக இருந்த அவ்வாண்டில் 1,000 ரூபாய் கேட்டுத் தோட்டங்கள் எங்கும் குரல் எழுந்தது. முதிய தொழிலாளி ஒருவர் தம் லயத்து வாசலில் அமர்ந்து அக்கோரிக்கையின் நியாயத்தை நான்கு நிமிடம் எடுத்துரைத்திருந்தார். ஒரு நாள் உழைப்பு ஒரு ‘பேர்’ எனப் பதியப்படுவதையும், கொழுந்தின் நிறை குறைந்தால் அது ‘அரைப்பேர்’ ஆவதையும், முழுநாளும் மலையில் நின்ற ஒருவரின் பேர் எவ்வாறு பாதியாகும் என்பதையும் அவர் வினவியிருந்தார். படத்தின் உயிர்நிலை அதுவே.

படம் முடிவுறாமல் வட்டிலே கிடந்தது. அதற்கிடையில் 2019 இன் கூட்டு ஒப்பந்தத்தால் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயாயிற்று. 2021 இல் 1,000 ரூபாய் சட்டப்படி வந்தது. பொருளாதார நெருக்கடி அந்த ஆயிரத்தின் பெறுமதியை விழுங்கியது. 2024 இல் 1,700 ரூபாய் என்ற பேச்சு எழுந்து, அவ்வாண்டு செப்ரெம்பரில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமாக வர்த்தமானியில் வெளியானது. இளைஞர்கள் அவ்வாண்டிற் புதிய காட்சிகளைத் தெளிவான கருவிகொண்டு பிடித்துவந்தனர். மழைக்குப் பின்னான மலை, நிறுவைத் தராசு, ஒழுகும் லயக்கூரை ஆகியன அவற்றுள் அடங்கும். பழைய பதிவு மங்கலானது. புதியது ஒளி பொருந்தியது. படம் அனுப்பப்படவிருந்த போட்டியொன்றின் எல்லை 20 நிமிடம். முதற்றொகுப்பு ஏலவே 20 நிமிடத்தைத் தொட்டிருந்தது. செருகினால் நீளம் கூடும், மேலெழுதினால் கூடாது. எனவே மேலெழுதினோம். முதியவரின் குரலை ஒலித்தடத்தில் அப்படியே விட்டு, அவர் முகம் இருந்த இடங்களில் 2024 இன் காட்சிகளைப் படியவைத்தோம். தொழில்முறையிற் பார்த்தால் இது மிகச் சாதாரணமான உத்தி. செய்திப்படங்களிற் பேசுவோரின் முகத்தை மறைத்து வேறு காட்சி காட்டப்படுவதை நாள்தோறும் காண்கின்றோம். ஓட்டம் சீர்ப்பட்டது என எல்லோரும் மகிழ்ந்தோம். யானும் மகிழ்ந்தேன்.

அவ்வாண்டின் இறுதியில் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்றிலில் வேட்டி கட்டிப் படத்தைக் காட்டினோம். படம் முடிந்ததும் அம்முதியவர் என்னிடம் வந்தார்.

“சேர், இது நா ஆயிரம் கேட்ட வருசம். படத்துல இப்ப எடுத்த மலை ஓடுது. ஆயிரம் கெடச்சி மூணு வருசமாச்சி. கெடச்சதயே இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு காட்டிப்புட்டீங்களே, பாக்குறவன் என்னா நெனப்பான்?”

“பாட்டி, உங்க குரல அப்படியேதான் வச்சோம். ஒரு சொல்லும் மாத்தல” என்றேன்.

“சொல்ல மாத்தல. வருசத்த மாத்திட்டீங்க. எம் மூஞ்சி இருந்திருந்தா, அப்ப இருந்த மூஞ்சின்னாச்சும் தெரிஞ்சிருக்கும்.”

ஆவணத்தின் மெய்ம்மை பற்றி யான் வாசித்த நூல்கள் இவ்வளவு சுருக்கமாக இதனைக் கூறியதில்லை. ஒரு சொல்லும் மாறாத நிலையிலேயே கூற்று பொய்யாகிவிட்டது. கோரிக்கை என்பது காலத்தோடு பிணைந்தது. 500 ரூபாய்க் காலத்தில் ஆயிரம் கேட்பது போராட்டம். ஆயிரம் கிடைத்தபின் ஆயிரம் கேட்பது அறியாமை. போராடிய ஒருவரை அறியாதவராகக் காட்டும் பணியை, அவருக்கு எதிரானவர்கள் அல்லர், அவருக்காகப் படம் எடுத்த நாமே செய்து முடித்திருந்தோம். நொக்ஸின் உரையைத் தேயிலைத் தோட்டத்தின் காலத்தின்மேல் இட்டவர்களைக் குறைகூறிய யான், ஆறு ஆண்டு அளவில் அதனையே செய்திருந்தேன்.

5

இப்பிழையைத் தனிமனிதரின் கவனக்குறைவாகக் கொண்டு அமைவது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. மேலெழுதலை நோக்கி எம்மைத் தள்ளியவை மூன்று. ஒன்று, நீளத்துக்கு விதிக்கப்பட்ட எல்லை. ‘இலங்கைப் பாடல்’ தன் விளம்பரதாரரின் தேவையிலிருந்து பிறந்ததுபோல, எமது படம் போட்டியின் நிமிடக்கணக்கிலிருந்து உருப்பெற்றது. இரண்டு, தெளிவான படமே நல்ல படம் என்ற சந்தை அழகியல். வறியவரின் பழைய பதிவு வறிய கருவியினாலேயே எடுக்கப்பட்டிருக்கும். மங்கலை நீக்குவோம் என்று தொடங்குபவர் அவ்வறுமையின் சான்றையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றார். மூன்று, ஒட்டுத் தெரியக்கூடாது என்ற தொழில்மரபு. திருமண வீடியோவுக்கு அம்மரபு பொருந்தும், வரலாற்றுக்குப் பொருந்தாது. இம்மூன்றும் கணினியின் குணங்கள் அல்ல. கணினி இரண்டு வழிகளையும் சமமாகவே திறந்துவைத்துள்ளது. எந்த வழி எளிதாகத் தோன்றுகின்றது என்பதைத் தீர்மானிப்பது கருவியைச் சூழ்ந்துள்ள உற்பத்தி உறவுகளே.

இதற்கு மறுதலையான இரண்டு நிலைப்பாடுகளையும் கருதவேண்டும். பழைய பதிவைத் தொடவே கூடாது என்பது ஒன்று. இது சுவடியைப் பூசையறையில் வைத்துக் கும்பிடும் மனப்பாங்கின் மறுவடிவம். சோவியத் படத்தொகுப்பாளர் எஸ்பிர் சூப் 1927 இல் ‘ரொமனோவ் வமிசத்தின் வீழ்ச்சி’ என்ற படத்தை ஆக்கியபோது, சார் மன்னனுக்காக அவன் ஆட்களே பிடித்த பதிவுகளையும் பயன்படுத்தினார். கப்பற் தளத்தில் வியர்க்க வியர்க்க நடனமாடும் சீமான்களின் காட்சிக்கு அடுத்து, வியர்வை சிந்தி உழைப்போரின் காட்சி வருகின்றது. மன்னனின் பதிவு மன்னனுக்கு எதிரான சான்றாகிவிடுகின்றது. இங்கு அவர் பழையதை மறைக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். துண்டுகளைப் பார்வையாளன் நின்று நோக்கும் அளவுக்கு நீளவும் விட்டார். இடைச்செருகலின் இயங்கியற் பயன்பாட்டுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

முற்போக்கான முடிவொன்றை எதன் இறுதியிலும் ஒட்டிவிடலாம் என்பது மற்றைய நிலைப்பாடு. இது எம்மவரிடையே நன்கு அறிமுகமானது. கதை முழுவதும் வேறெங்கோ சென்றுகொண்டிருக்க, கடைசிப் பந்தியில் திடீரெனக் கிழக்கு சிவக்கும் சிறுகதைகளை நாம் நிறையவே வாசித்துள்ளோம், சில எழுதியுமுள்ளோம். எமது படத்தின் இறுதியிலும் உயர்த்திய கைகள் வேண்டும் என ஒரு மாணவர் வற்புறுத்தினார். அக்கைகள் வேறொரு தோட்டத்தின், வேறொரு கோரிக்கைக்கான கைகள். அவற்றைச் சேர்க்கவில்லை என்பது எமக்கு இருக்கும் சிறு ஆறுதல்.

பேராதனையில் 1960களில் சு. வித்தியானந்தன் கூத்தை மீளுருவாக்கிய அநுபவம் இங்கு பயன்தரும். விடியவிடிய ஆடப்பட்டதைப் பல்கலைக்கழக மேடைக்காகச் சுருக்கியபோது எதனை விடுவது என்ற வினா எழுந்தது. பின்னர் அவ்வடிவத்தினுள் சி. மௌனகுரு ‘சங்காரம்’ வாயிலாக வர்க்கப் போராட்டப் பொருளைப் புகுத்தியபோது, எதனைச் சேர்ப்பது என்ற வினா எழுந்தது. புதிய பொருள் பழைய ஆட்டத்தின் தாளக்கட்டோடு பொருந்தவேண்டியிருந்தது. அதே வேளை அது புதியது என்பதை அவையோர் அறிந்தே பார்த்தனர். ஒலித்தடமும் காட்சித்தடமும் ஒருங்கே நகர்ந்த இடைச்செருகல் அது எனலாம்.

6

இவற்றை வைத்து நோக்குமிடத்து, மலையகம்போன்ற ஒரு சமுதாயத்தின் வரலாற்றுப் பதிவுகளோடு புதியன சேர்ப்போர் கைக்கொள்ளத்தக்க நெறி ஒன்று தெளிவாகின்றது. புறநானூற்றுப் பாட்டுகள் பெரும்பாலானவற்றின் கீழ்த் திணையும் துறையும், பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்ற கொளுவும் தொகுத்தோரால் அல்லது அவர் மரபினரால் தரப்பட்டுள்ளன. அவை பாட்டினுள் நுழையவில்லை. பாட்டுக்கு வெளியே நின்று பாட்டை அதன் காலத்தோடும் மனிதரோடும் கட்டிவைக்கின்றன. காட்சிப்பதிவுக்கும் கொளு வேண்டும். ஆண்டும் இடமும் திரையிலேயே எழுதப்படுதல் வேண்டும். பேசுபவர் விரும்பின் அவர் பெயரும் எழுதப்படுதல் வேண்டும். ஒரு நாள் உழைப்பைப் ‘பேர்’ என்று குறிக்கும் மக்களின் படத்தில், பேர் இல்லாமல் முகம் மாத்திரம் வருவது அரைப்பேரே.

பழைய அளவுப் படம் புதிய திரையில் இருமருங்கும் கருமையோடு நிற்பின் நிற்கட்டும். காலும் தலையும் காக்கப்படும். பழைய தொகுப்பை அழிக்காது அதன் பிரதியிலேயே புதியது சேர்க்கப்படுதல் வேண்டும். ஏனெனில் முன்னைய தொகுப்பும் ஓர் ஆவணமே. பேசுபவரின் குரலோடு அவர் முகம் செல்லுதல் வேண்டும். முகத்தை மறைத்தே தீரவேண்டுமாயின் மறைக்கும் காட்சி குரலின் காலத்ததாக இருத்தல் வேண்டும். சுருங்கக் கூறின், இயன்றவரை இடைச்செருகுக, மேலெழுதுதலைத் தவிர்க்க. நீளம் கூடுமெனின் கூடுக.

எமது படம் கூடியது. 2018 இன் முகத்தைத் திருப்பி வைத்து, ஆண்டைக் குறித்தோம். 2024 இன் மலையை அதன் பின்னர்ச் செருகினோம். அதே முதியவர் அதே வாசலிலிருந்து, ஆயிரம் வந்ததையும் அது போதாமற் போனதையும் கூறும் புதிய பதிவொன்றையும் எடுத்துச் சேர்த்தோம். படம் 26 நிமிடமாயிற்று. போட்டிக்கு அனுப்ப இயலவில்லை. அதற்காக உழைத்த இளைஞர் இருவருக்கும் அது மெய்யான இழப்பு என்பதைக் குறைத்து மதிப்பிட யான் விரும்பவில்லை. நெறியின் விலையை நெறி கூறியவனிலும் கூடுதலாக அவர்களே செலுத்தினர்.

இரண்டு பதிவுகளுக்கும் இடையில் அவர் முகத்தில் ஆறு ஆண்டு முதுமை தெரிகின்றது. ஒட்டு அப்பட்டமாகவே தெரிகின்றது. நிறம் பொருந்தவில்லை, ஒளி பொருந்தவில்லை. கோயில் முன்றிலில் மறுபடி காட்டியபோது அவ்விடத்திற் கூட்டத்தில் ஒரு சிறு சலசலப்பு எழுந்தது. படத்திலே அதுவரை எந்த உத்தியும் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. முதியவர் எதுவும் கூறவில்லை. திரையில் எழுதப்பட்டிருந்த ஆண்டைப் பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.